மூன்று மூட்டு விளக்கு

மாதேசண்ணன் செய்த விளக்கை இடது பக்கம் தள்ளினால் இடது பக்கத்துச் சுவரும் கூடவே தள்ளிப்போகும் என்பதை எங்கள் லைனில் முதலில் கண்டவள் அவர் பெண்டாட்டி பாவாயி. கண்டவள் கத்தவில்லை, யாரையும் கூப்பிடவில்லை. அடுப்பில் குழம்பு பொங்கிக்கொண்டிருந்ததால் அதை இறக்கிவைத்துவிட்டு, சுவர் விலகியதில் புதிதாகக் கிடைத்திருந்த ஒரு முழ இடத்தை விளக்குமாற்றால் கூட்டினாள், ஏனென்றால் அந்த ஒரு முழமும் அதுவரை பக்கத்து வீட்டுச் செங்கோடண்ணனுடையது, அவர் வீட்டுக் குப்பை அதில் அப்படியே கிடந்தது. கூட்டி அள்ளிக் கொண்டுபோய் அவர் வாசலில் கொட்டிவிட்டு வந்தாள். சண்டை அதில்தான் ஆரம்பித்தது, சுவர் நகர்ந்ததில் அல்ல.

எங்கள் லைன் என்பது ஜவ்வரிசி செய்கிற சடையன்கரடு சேகோ ஆலைக்குப் பின்னால் வரிசையாக ஒட்டிக்கொண்டு நிற்கும் எட்டு வீடுகள். வீடு என்பது பெயருக்குத்தான், ஒவ்வொன்றும் ஒரே அறை, இரண்டு பேர் படுத்தால் மூன்றாவது ஆள் உட்கார்ந்துதான் தூங்கவேண்டும், ஒரு வீட்டுச் சுவரே அடுத்த வீட்டுக்கும் சுவர், இந்தப் பக்கம் குழந்தை தும்மினால் அந்தப் பக்கத்திலிருந்து நூறு என்பார்கள். இரண்டு கோடியிலும் ஆலையின் கருங்கல் சுவர். மூன்றாவது வீடு செங்கோடண்ணனுடையது, நான்காவது பாவாயியுடையது, ஐந்தாவது என்னுடையது. நானும் பாவாயியும் ஒரே கொட்டகையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து மரவள்ளிக் கிழங்குக்குத் தோல் சீவுகிறவர்கள், ஆகவே நான் சொல்வதில் பாதி கண்ணால் பார்த்தது, மீதி சுவர் வழியாகக் கேட்டது.

கிழங்கை அரைத்து, மாவைப் படியவிட்டு, மிச்சத் தண்ணீரை ஒரு பெரிய குழியில் விடுவார்கள். அது புளித்து நாறுகிற நாற்றத்தில் பஸ்ஸில் போகிறவர்கள்கூட மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். ஊர்க்காரர்கள் வந்து சத்தம் போட்டதில் முதலாளி அந்தக் குழிக்கு மேல் ஒரு பெரிய இரும்பு டிரம்மைக் கவிழ்த்துப் போட்டார், நாற்றமெல்லாம் அதற்குள் காஸாகச் சேர்ந்து டிரம்மையே மேலே தூக்கியது, அந்தக் காஸைக் குழாய் வைத்து ஆலை அடுப்புக்கு எடுத்துக்கொண்டு, மிஞ்சியதை விளக்கு எரிக்க எங்களுக்கு விட்டார். டிரம் ஏறியிருந்தால் காஸ் இருக்கிறது, இறங்கிவிட்டால் இல்லை. அதைப் பார்த்துக்கொள்வது செங்கோடண்ணனின் வேலை. கரண்டு எங்கள் லைனுக்கு ஒவ்வொரு தேர்தலிலும் வந்துகொண்டிருந்தது, தேர்தல் முடிந்ததும் போய்விடும்.

ஆலையில் போட்டுக்கொடுத்த விளக்கு கூரையின் நடுவிலிருந்து நேராக இறங்கிய ஒரு குழாய், அதன் நுனியில் எலுமிச்சம்பழம் அளவுக்கு மேண்டில் என்கிற ஒரு வலைத்திரி, அவ்வளவுதான். எரிந்தால் அறை முழுக்க எரியும், யாருக்கும் உபயோகப்படாது. படுத்தவர்களுக்குக் கண் கூசும், சமைக்கிறவளுக்கு இருட்டு. பாவாயிதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"அடுப்பாண்ட நின்னா என் நெழலே சட்டிக்குள்ள வுழுவுது. உப்பு போட்டனா இல்லையான்னு நக்கிப் பாத்துதான் தெரிஞ்சிக்கணும். இது என்னங்க வெளக்கு?"

"அப்பறம் எங்கதான் வேணுங்கற?" என்றார் மாதேசண்ணன். அவர் ஆலையில் ஃபிட்டர்.

"வேணுங்கற எடத்துல வேணும். அரியறப்ப அருவாமணகிட்ட வரணும், படுக்கறப்ப மேல போவணும், நீங்க கணக்கா ஒரு மூலையில உக்காந்து பீடி குடிக்கறப்ப அந்தப் பக்கம் வரவே கூடாது. மனுசன் கையாட்டம் இருக்கணும்."

அவர் தன் கையை நீட்டி மடக்கிப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார். முதலில் கப்பி போட்டுக் கயிற்றில் தொங்கவிட்டு, மறுமுனையில் மணல் பையைக் கட்டி, ஏற்றி இறக்குகிற மாதிரி ஒன்று செய்தார். அதில் ரப்பர் டியூப் மடங்கி விளக்கு அணைந்து அணைந்து போனது, ஒருநாள் மணல் பை காலில் விழுந்ததும் அதைக் கழற்றிப்போட்டார். பிறகு பின்சுவரில் குழாயைப் பதித்து, அதிலிருந்து கை மாதிரியே தோள், முழங்கை, மணிக்கட்டு என்று மூன்று மூட்டு வைத்தார். மூட்டுதான் பெரிய பாடு. உள்ளே காஸ் போகவேண்டும், வெளியே கசியக்கூடாது, தள்ளினால் திரும்பவேண்டும், விட்டால் விட்ட இடத்தில் நிற்கவேண்டும். இறுக்கினால் திரும்பாது, தளர்த்தினால் கசியும். பழைய பித்தளைத் திருகுகளைக் கடைந்து, தேன்மெழுகும் கிரீஸும் குழைத்துப் பூசி, சோப்பு நுரையைத் தடவி முட்டை விடுகிறதா என்று பார்த்துப் பார்த்து, ஒரு மாதம் அவர் மேலெல்லாம் சோப்பு வாசனை அடித்தது. விளக்குப் பாரத்தில் கை தொங்காமலிருக்கத் தோளுக்குப் பின்னால் ஒரு வால் விட்டு அதில் பழைய எடைக்கல்லைக் கட்டினார். மேண்டிலுக்கு மேல் ஒரு அலுமினியத் தட்டைக் கவிழ்த்து வெளிச்சத்தைக் கீழே திருப்பினார், வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற திருகை உட்கார்ந்தபடியே எட்டுகிற உயரத்தில் வைத்தார். அதைப் பார்த்துவிட்டு மற்ற ஏழு வீட்டுக்காரர்களும் எங்களுக்கும் எங்களுக்கும் என்று நச்சரித்தோம், அந்தத் தை மாதத்துக்குள் எட்டு வீட்டிலும் எட்டுக் கை முளைத்துவிட்டது.

சுவர் நகர்ந்ததை மாதேசண்ணன் அதிசயமாக எடுத்துக்கொள்ளவில்லை, குறையாகத்தான் எடுத்துக்கொண்டார். "முழங்கை கொஞ்சம் எளக்கமா இருக்குது, அதான் இழுத்துக்கிட்டுப் போவுது" என்று ஸ்பேனரை எடுத்து இறுக்கிப் பார்த்தார். இறுக்கின பிறகு சுவர் கொஞ்சம் கனமாக நகர்ந்தது, அவ்வளவுதான். முதலாளி வந்து ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரைக்கும் நடந்து பார்த்தார். கருங்கல் சுவர் இரண்டும் இருந்த இடத்தில் இருந்தன, மொத்த நீளம் அப்படியே இருந்தது, ஆலைக்கு ஒரு சாண்கூடக் குறையவில்லை. "உங்களுக்குள்ள என்னமோ பண்ணிக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

எங்களுக்குள்தான் வம்பு. ஒரு வீடு பெருத்தால் பக்கத்து வீடு இளைக்கவேண்டும், வேறு வழி கிடையாது. இரண்டு வீட்டுக்காரர்களும் ஒரே சுவரைத் தள்ளினால் யாருடைய விளக்கு அதிகப் பிரகாசமோ அவர் பேச்சைச் சுவர் கேட்டது. விளக்கை அணைத்துவிட்டால் சுவர் நின்ற இடத்திலேயே நிற்கும், மறுபடி விளக்கேற்றித் தள்ளினால்தான் அசையும். இவ்வளவும் தெரிந்துகொள்வதற்குள் எங்கள் லைனில் எத்தனை மேண்டில் உதிர்ந்திருக்கும் என்று கேட்காதீர்கள். சாமான்கள் சுவரோடு சேர்ந்து நகர்ந்துவிடும், குப்பைதான் இருந்த இடத்திலேயே கிடக்கும், ஆணியில் மாட்டின சட்டை மாட்டினபடியே இருக்கும், ஆனால் தரையில் படுத்திருக்கிற ஆளை எழுப்பாமல் தள்ளினால் சுவர் விலாவில் வந்து இடிக்கும். அதனால் தள்ளுகிறவர் முதலில் சுவரைத் தட்டிக் குரல் கொடுக்கவேண்டும் என்பது எங்களுடைய முதல் சட்டம்.

செங்கோடண்ணன் அந்தச் சட்டத்துக்கும் மசியவில்லை. பிள்ளை குட்டி இல்லாத மனிதர், பெண்டாட்டி போய்ச் சேர்ந்து வெகுகாலம், ஒற்றை ஆள், ஆனாலும் தன் அறையில் ஒரு விரற்கடை குறைந்தால் அவருக்குத் தெரிந்துவிடும். கையில் ஒரு கயிறு வைத்துக்கொண்டு காலையும் மாலையும் அளப்பார். விளக்கை முழுப் பிரகாசத்தில் வைத்துக்கொண்டு பாவாயி பக்கமே திருப்பி உட்கார்ந்திருப்பார்.

பாவாயிக்கு இடம் எதற்கு வேண்டியிருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவளுடைய ஒரே மகள் தமயந்தியை அப்போதுதான் தம்மம்பட்டிப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தாள். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் என்பது ஊருக்கெல்லாம் உள்ள வழக்கம், ஆனால் மாமியார் கந்தாயி ஒரு தடவை வந்து பாவாயியின் அறையை வாசலில் நின்றே பார்த்துவிட்டு, உள்ளே காலெடுத்து வைக்காமல் சொன்னாள்.

"சம்பந்தி, மனசுல வச்சிக்காத. எம் மருமவ காலை நீட்டினா கதவுல இடிக்குது. இந்த ஊட்டுக்கு நான் அனுப்ப முடியாது. நாளைக்குப் பொறப்புன்னு வந்தா எங்கூட்டுலயே ஆவட்டும்."

பாவாயிக்கு அது நெஞ்சில் முள்ளாகத் தைத்துவிட்டது, ஏனென்றால் அவளுடைய தாய் வீட்டிலும் இடமில்லை என்றுதான் அவளையும் மாமியார் வீட்டிலேயே பெறச் சொன்னார்கள், வலி எடுத்துக் கத்தினபோது "எதுக்கு இந்தக் கத்து கத்தறா" என்று மாமியார் கேட்டதை அவள் கிழங்கு சீவும்போது என்னிடம் பத்து முறையாவது சொல்லியிருப்பாள். "எம் புள்ள கத்தணும்னா தாராளமாக் கத்தட்டும், எங்கூட்டுல கத்தட்டும்" என்பாள். எனக்கும் அவளைப் பார்த்தால் பாவமாகத்தான் இருந்தது, ஆனால் என் பக்கத்துச் சுவரை அவள் தொட்டால் நானும் விளக்கைக் கூட்டிவிடுவேன், அதையும் மறைக்கவேண்டாம்.

கடைசியில் எட்டு வீடும் சேர்ந்து உட்கார்ந்து பேசினோம். விசேஷம் நடக்கிற வீட்டுக்கு அக்கம்பக்கத்தார் ஆளுக்கு ஒரு முழம் விட்டுக்கொடுப்பது, விசேஷம் முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொள்வது என்று முடிவானது. எட்டாவது வீட்டுப் பெண் வயசுக்கு வந்தபோது ஏழாவது வீடு மூன்று நாள் பெட்டி மாதிரி இருந்தது. முதல் வீட்டுக்கு மாப்பிள்ளை வந்தால் இரண்டாவது வீட்டுக்காரர் கட்டிலைத் தூக்கி நிறுத்திவைத்தார். அப்புறம் இன்னொரு சட்டம் வந்தது, அதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். புரட்டாசியில் கிழங்கு வரத்து ஆரம்பித்தால் பங்குனி சித்திரையோடு முடிந்துவிடும், ஆலை நின்றால் குழித் தண்ணீர் நின்றுவிடும், டிரம் படுத்துவிடும், மறுபடி புரட்டாசி வரைக்கும் காஸ் கிடையாது. அன்றைக்குச் சுவர் எங்கே நிற்கிறதோ அங்கேதான் அது மழைக்காலம் வரை நிற்கப்போகிறது. ஆகவே டிரம் இறங்கத் தொடங்கியதும் செங்கோடண்ணன் ஆலையில் மணியாகத் தொங்குகிற தண்டவாளத் துண்டை அடிக்கவேண்டும், அடித்ததும் எட்டு வீட்டிலும் விளக்கை நடுவுக்குக் கொண்டுவந்து சுவர்களைச் சமமாக நிறுத்தவேண்டும். இதற்கு நேர் நிறுத்துவது என்று பெயர் வைத்தோம். இரண்டு வருஷம் நிறுத்தினோம், இரண்டு வருஷமும் செங்கோடண்ணன் கயிற்றோடு எல்லா வீட்டுக்குள்ளும் நுழைந்து அளந்துவிட்டுத்தான் தூங்கப்போனார்.

மூன்றாவது வருஷம் தமயந்தி முழுகாமலிருந்தாள், கந்தாயியை மறுபடி அழைத்துவந்த அன்று நானும் செங்கோடண்ணனும் ஆளுக்கு ஒரு முழம் விட்டோம். அவர் விட்டது முழத்துக்கு நாலு விரல் குறைச்சல். கந்தாயி உள்ளே வந்து உட்கார்ந்தாள், சுற்றிலும் பார்த்தாள், காலை நீட்டிப் பார்த்தாள், காபி குடித்தாள்.

"போன தடவ சிறுசாத் தெரிஞ்சுது" என்றாள்.

"அப்ப வெளக்கு செரியில்லீங்க சம்பந்தி" என்றாள் பாவாயி.

வளைகாப்பு போட்டுத் தமயந்தியை அழைத்து வந்தார்கள். அவளுக்கு நாள் சித்திரைக் கடைசியில் என்று நர்ஸம்மா சொல்லியிருந்தார், ஆனால் பங்குனி முடிவதற்குள்ளேயே ஒருநாள் சாயங்காலம், நாங்கள் அந்த வருஷத்துக் கடைசி வண்டிக் கிழங்கைச் சீவி முடித்துக் கை கழுவுகிற நேரத்தில், அவளுக்கு வலி எடுத்துவிட்டது. மாதேசண்ணன் சைக்கிளில் போய் நர்ஸம்மாவைக் கூட்டி வந்தார். நர்ஸம்மா வயிற்றைத் தொட்டுப் பார்த்தார், முகம் மாறியது.

"கொழந்த குறுக்க கெடக்குது. இவள நான் பொரட்டிப் படுக்கவைக்கணும், நடக்கவைக்கணும், ரெண்டு பக்கமும் ஆள் நிக்கணும். இந்த எடத்துல என்ன பண்றது நானு? ஆத்தூர் ஆஸ்பத்திரிக்கு வண்டி கெடைக்குமா?"

கிழங்கு லாரி போய்விட்டிருந்தது. அடுத்த பஸ் வந்து இவளை ஏற்றி அங்கே போய்ச் சேருவதற்குள் தாங்காது என்று அவரே சொன்னார். தமயந்தி கத்தினாள். பாவாயி வாசலுக்கு வந்து நின்றாள், ஒருவரையும் கூப்பிடவில்லை, எட்டு வீட்டு வாசலையும் பார்த்தாள். அவளை நான் அப்படி எப்போதும் பார்த்ததில்லை, சண்டைக்காரி, வாய் திறந்தால் மூடமாட்டாள்.

முதலில் சுவரைத் தட்டினவர் செங்கோடண்ணன்.

"பாவாயி, உன் வெளக்க முழுசாக் கூட்டி இந்தப் பக்கம் தள்ளு" என்று உள்ளே இருந்து குரல் கொடுத்தார். "நான் குறைச்சிட்டேன். போதும்கற வரைக்கும் தள்ளு."

எங்களுக்கு அதைக் கேட்டதும் ஒரு நிமிஷம் யார் பேசுகிறார் என்றே புரியவில்லை. பிறகு நான் போய் என் விளக்கைக் குறைத்து மடக்கினேன், என்னைப் பார்த்து ஆறாவது வீடு மடக்கியது, ஆறைப் பார்த்து ஏழு, ஏழைப் பார்த்து எட்டு, அந்தப் பக்கம் இரண்டும் ஒன்றும். மாதேசண்ணன் நாலாவது வீட்டில் விளக்கின் தோளைப் பிடித்து இடதுபக்கம் ஒரு தடவை, வலதுபக்கம் ஒரு தடவை, முழங்கை நேராகும் மட்டும் நீட்டித் தள்ளினார். சுவர்கள் போயின, ஒரு சுவர் அடுத்ததைத் தள்ளிக்கொண்டு கோடி வீடுகள் வரைக்கும். எங்கள் பானைகளும் பெட்டிகளும் மெல்லக் கடகடவென்று நகர்ந்து ஒன்றோடொன்று நெருங்கின, என் வீடு ஒரு ஆள் ஒருக்களித்துப் படுக்கிற அகலத்துக்கு வந்தது, செங்கோடண்ணன் வீடு அதற்கும் குறைவாக, கல்யாணக் கூடம் மாதிரி பரந்துகிடந்தது பாவாயியின் வீடு. நர்ஸம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டார். கட்டிலை நடுவில் இழுத்துப் போடச் சொன்னார், விளக்கை இன்னும் கீழே, இன்னும் கிட்ட, இப்போது கால்மாட்டுக்கு என்று சொல்லச் சொல்ல மாதேசண்ணன் கண்ணை மூடிக்கொண்டு மணிக்கட்டை மட்டும் திருப்பித் திருப்பிக் கொடுத்தார், நான் ஒரு பக்கம் தோளைப் பிடித்தேன், பாவாயி ஒரு பக்கம். புரட்டியும் நடத்தியும் நர்ஸம்மா குழந்தையை நேருக்குத் திருப்பினார், தமயந்தி தன் அம்மா வீட்டில் வேண்டிய மட்டும் கத்தினாள்.

பெண் குழந்தை. அழுதது. அழுகிற சத்தத்தில் எங்களுக்கு விளக்கு மங்கினது தெரியவில்லை. நர்ஸம்மா கொடியைக் கட்டி அறுத்து முடிக்கிற வரைக்கும் இருந்துவிட்டு, மேண்டில் ஒரு தடவை சிவந்து அணைந்தது. மண்ணெண்ணெய் விளக்கைத் தேடி ஏற்றினோம்.

பாவாயி குழந்தையைத் துடைத்து மகள் பக்கத்தில் படுக்கவைத்துவிட்டு, முதல் வேலையாகத் தீப்பெட்டியை எடுத்தாள். "எல்லாரும் நெருக்கிக்கிட்டு இருக்காங்க, சுவத்த அனுப்பிரலாம்" என்று மேண்டிலுக்குக் குச்சியைக் காட்டினாள். பிடிக்கவில்லை. என் வீட்டில் பற்றவைத்துப் பார்த்தோம், பிடிக்கவில்லை. எட்டு வீட்டிலும் அப்படியே. அப்போதுதான் எல்லாருக்கும் புரிந்தது. நேர் நிறுத்தவில்லை. புரட்டாசி வரைக்கும் இப்படித்தான்.

செங்கோடண்ணன் வாசலுக்கு எல்லாரும் போனோம். உள்ளே நுழைய இடமில்லை. அவர் இரண்டு சுவருக்கும் நடுவில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"டிரம் எப்பங்க எறங்குச்சு?" என்றார் மாதேசண்ணன்.

"மத்தியானமே படுத்துருச்சு. மிச்சம் ஒரு மூச்சுதான் இருந்துது."

"தெரிஞ்சுமா தள்ளச் சொன்னீங்க? தண்டவாளத்த அடிச்சிருக்கலாம் இல்ல?"

"அடிக்கத்தான் கை ஓங்கினேன். அந்தப் புள்ள கத்திருச்சு" என்றார். அப்புறம் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். "அடிச்சிருந்தா, காஸ் இன்னிக்கோட முடிஞ்சுதுன்னு தெரிஞ்சிருந்தா, நீங்க யாராவது மடக்கியிருப்பீங்களா?"

  மடக்கியிருப்போம் என்று சொல்ல ஆசைதான். பாவாயி வாசலிலேயே உட்கார்ந்து அழுதாள், சத்தம் போட்டே அழுதாள்.

மறுநாளிலிருந்து அது ஒரு வாழ்க்கையாகிவிட்டது. எங்கள் வீட்டில் சாமான் வைத்தோம், பாவாயி வீட்டில் படுத்தோம், அவள் ஆளுக்கொரு மூலையில் பாய் போட்டுக் கொடுத்தாள், குழந்தை இரவில் அழுதால் எட்டு வீடும் எழுந்து உட்கார்ந்து ஆளுக்கொரு யோசனை சொன்னது. கந்தாயி பேத்தியைப் பார்க்க வந்து, கூடத்தை ஒரு சுற்று சுற்றிவிட்டு, தன் மகனிடம், உன் மாமனார் வீட்டில் வசதிதான், ஆனால் எந்நேரமும் ஆள் கூட்டம் என்றாளாம். செங்கோடண்ணன் மட்டும் அங்கே வந்து படுக்கவில்லை. அவர் தன் சந்திலேயே உட்கார்ந்து தூங்கினார், வா அண்ணா என்று பாவாயி எத்தனை தடவை கூப்பிட்டும் வரவில்லை, குழந்தையை மட்டும் வாசலில் வைத்து வாங்கிக் கொஞ்சுவார்.

புரட்டாசியில் கிழங்கு வந்தது, குழி நிறைந்தது, டிரம் ஏறியது. செங்கோடண்ணன் தண்டவாளத்தை அடித்ததும் எட்டு வீட்டிலும் விளக்கேற்றி நேர் நிறுத்தினோம். நிறுத்தி முடிந்து அரைமணி நேரம்கூட ஆகவில்லை, மூன்றாவது வீட்டில் விளக்கு பிரகாசமாவது சுவர் இடுக்கில் தெரிந்தது. தட்டாமல், குரல் கொடுக்காமல், சுவர் பாவாயி பக்கமாக மூன்று விரற்கடை நகர்ந்து நின்றது. மாதேசண்ணன் ஸ்பேனரைத் தேடினார். பாவாயி அவரை உட்காரச் சொன்னாள். எழுந்துபோய்த் தன் விளக்கின் திருகைக் குறைத்துவிட்டு, சுவர் இன்னும் கொஞ்சம் வருகிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றாள்.